முப்பது மைல் வட்டமும் திரைத் தொழிலாளரின் நேரமும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெவர்லி பூலவார்டும் லா சியனேகா பூலவார்டும் குறுக்கிடும் முனையில் இன்று ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது. அம்முனையை மையமாக வைத்து 30 மைல் (ஏறத்தாழ 48 கி.மீ.) ஆரத்தில் வட்டம் வரைந்தால், ஹாலிவுட் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் ‘ஸ்டுடியோ மண்டலம்’ என்று வரையறுக்கும் பரப்பு கிடைக்கும். படப்பிடிப்புத் தளம் இவ்வட்டத்துக்கு உள்ளே இருந்தால் லைட்மேனும் ஒப்பனைக் கலைஞரும் உதவி ஒளிப்பதிவாளரும் பொதுவாகத் தம் சொந்தக் காரிலேயே அங்கு வந்து சேர வேண்டும். அழைப்பு நேரத்தில்தான் அவர்களுடைய வேலை நாள் தொடங்கும். தளம் வட்டத்துக்கு வெளியே, ஆனால் இரவே வீடு திரும்பக்கூடிய இடத்தில் இருந்தால், வட்டத்துக்கு அப்பாற்பட்ட பயணம் வேலை நேரத்தில் சேரும். இரவு தங்க வேண்டிய தொலைவு என்றால் அறையும் தினப்படியும் நிறுவனத்தின் பொறுப்பு. நம் படப்பிடிப்புகளில் பேட்டா என்கிறோமே, அத்தினப்படி ஏறத்தாழ அதற்கு இணையானது.

பயணத்தின் சுமை யாருடையது என்ற கேள்விக்கு இவ்விதி மைல் கணக்கில் விடை சொல்கிறது. தொழிலாளியின் உடலோ மணிக்கணக்கில் களைப்படைகிறது. இந்த இடைவெளி தற்செயலானதல்ல என்பதும், விதியின் வரலாற்றிலேயே அதன் காரணம் இருக்கிறது என்பதும், நேரத்தை அளவாகக் கொண்டு விதியைத் திருத்துவது நடைமுறையில் இயலும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வரலாறு. 1930களில் வகுக்கப்பட்ட மண்டலத்தின் ஆரம் 6 மைல் மட்டுமே. அதன் மையம் ராஸ்மோர் அவென்யூவும் 5ஆம் தெருவும் சந்திக்கும் இடம். 1970 வாக்கில் மையம் மேற்கே நகர்ந்தது, ஆரம் 30 மைலானது. புதிய மையத்தில் அப்போது தயாரிப்பாளர் சங்கத்தின் அலுவலகம் இருந்தது. ஆரம் ஐந்து மடங்கானால் பரப்பு இருபத்தைந்து மடங்காகும்: சுமார் 113 சதுர மைலாக இருந்த மண்டலம் 2,827 சதுர மைலாக விரிந்தது. பழைய வட்டத்தில் நகரின் நடுப்பகுதியும் பெரும்பாலான ஸ்டுடியோக்களின் சுற்றுப்புறமும் அடங்கின. புதிய வட்டத்தில் மலைத்தொடர்கள், கடற்கரை, சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு, ஆரஞ்சு மாவட்டத்தின் ஒரு பகுதி எல்லாம் வந்துவிட்டன. ஸ்டுடியோ வாசலில் கூடி நிறுவன வண்டியில் ஏறி, ஏறிய நேரத்திலிருந்தே கூலி பெற்றுச் சென்ற பயணங்களில் பெரும்பகுதி, இந்த ஒரு திருத்தத்தால் தொழிலாளியின் சொந்தப் பயணமாக மாறியது.

அந்த ஆண்டுகளில் இம்மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ‘ஐ ஸ்பை’ தொலைக்காட்சித் தொடருக்காக ஒளிப்பதிவாளர் ஃபுவாட் சயீத் உருவாக்கிய சினிமொபைல் என்னும் வண்டி, கேமராவையும் விளக்குகளையும் ஜெனரேட்டரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு எந்தத் தெருவுக்கும் போகக்கூடியதாக இருந்தது. 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ பெரும்பாலும் சாலையிலேயே படமாக்கப்பட்டது. செட்டுகளின் காலம் தேய்ந்து வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியது. செலவு குறைவான வெளிநாடுகளுக்குப் படங்கள் போய்விடும் என்ற அச்சம் சங்கங்களையும் பற்றியிருந்தது. உள்ளூரிலேயே வேலை இருக்கட்டும் என்பதற்காக அவை விட்டுக்கொடுத்தன என்று கொள்வதில் நியாயம் உண்டு. அந்த விட்டுக்கொடுப்பு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்படியே நிற்பதுதான் சிக்கல்.

முப்பது மைல் விதி இருந்ததால்தான் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிப் ‘படப்பண்ணைகள்’ (படப்பிடிப்புக்கான திறந்தவெளி நிலங்கள்) தோன்றின என்று சிலர் எழுதுவதுண்டு. காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. பாரமவுண்ட் நிறுவனம் அகோரா மலைப்பகுதியில் பண்ணை வாங்கியது 1927இல். சாட்ஸ்வொர்த்தில் ஐவர்சன் குடும்பத்தின் பாறை நிலம் மௌனப்பட நாள்களிலேயே கௌபாய் படங்களின் களமாகியிருந்தது. டிஸ்னி நிறுவனம் கோல்டன் ஓக் பண்ணையை வாங்கிய 1959இலும் ஆரம் 6 மைலாகத்தான் இருந்தது. அதாவது வட்டம் நிலக்காட்சியைப் படைக்கவில்லை. தொழில் ஏற்கெனவே புழங்கிவந்த நிலத்தைச் சுற்றி வட்டம் பின்னால் வந்தது. கொரியாவாகத் தோன்றிய மாலிபு க்ரீக் பள்ளத்தாக்கு (‘மாஷ்’ தொடர், 1972–1983) அந்த நிலங்களுள் ஒன்று.

விதிவிலக்குகளைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். அகுவா டுல்சே, கஸ்டாயிக் ஏரி, லியோ கரில்லோ கடற்கரை, மூர்பார்க், பைரு, பொமோனா, ஆன்டாரியோ விமான நிலையம் ஆகியவை 30 மைல் விளிம்பிலோ அதற்கு அப்பாலோ இருந்தாலும் ஒப்பந்தப்படி மண்டலத்துக்கு உள்ளே இருப்பதாகவே கொள்ளப்படுகின்றன. அகுவா டுல்சே அருகேதான் வாஸ்கெஸ் பாறைகள் இருக்கின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வேற்றுக் கோளாக வந்த அதே சாய்ந்த பாறைகள். படப்பிடிப்புக்கு அடிக்கடி தேவைப்படும் இடங்கள் ஒவ்வொன்றாக வட்டத்துக்குள் இழுக்கப்பட்டன. தயாரிப்பின் தேவைக்காக வளைந்துகொடுத்த கோடு தொழிலாளியின் தேவைக்காக வளைய முடியாது என்று சொல்வதற்கு இனி அடிப்படை இல்லை.

இந்த விலக்குகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பாருங்கள். பொமோனாவில் வசிக்கும் ஒரு கிரிப் தொழிலாளிக்கு (கேமரா, விளக்குத் தாங்கிகளை அமைப்பவர்) லியோ கரில்லோ கடற்கரையில் காலை அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ‘மண்டலத்துக்குள்’. இடையிலோ ஊரையே குறுக்காகக் கடந்து, பசிபிக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் போக வேண்டிய 70 மைலுக்கு மேற்பட்ட சாலை. ஆரத்தை மட்டும் சொல்லும் விதி விட்டத்தை மறைத்துவிடுகிறது. தொலைவு மையத்திலிருந்து அளக்கப்படுகிறது. அந்த மையத்திலோ மின்விளக்குத் தொழிலாளியும் தச்சரும் குடியிருக்கக் கட்டுப்படியாகும் வீடு கிடையாது. வீட்டு வாடகை ஏற ஏற அவர்கள் சாண்டா கிளாரிட்டாவுக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்துபோனார்கள், மையம் மட்டும் நகரவில்லை.

மைல்படி என்ற ஒன்று உண்டே எனலாம். மண்டலத்துக்குள் சொந்தக் காரில் செல்வதற்கு நீண்ட காலமாக மைலுக்கு 30 சென்ட் தரப்பட்டுவந்திருக்கிறது. அமெரிக்க வருமானவரித் துறை அலுவல் பயணத்துக்கு 2024இல் ஏற்ற வீதம் மைலுக்கு 67 சென்ட். கார் செலவில் பாதியைக்கூட ஈடுசெய்யாத அத்தொகையும் ஸ்டுடியோவுக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட தொலைவுக்கே கணக்கிடப்படுகிறது, வீட்டிலிருந்து அல்ல. அதைவிட முக்கியம், அது பெட்ரோலுக்கும் டயருக்குமான ஈடு. ஓட்டுநர் இருக்கையில் விழித்திருந்த நேரத்துக்கு அதில் ஒரு சென்ட்கூட இல்லை.

அந்த நேரத்தின் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 1997இல் ‘பிளசன்ட்வில்’ படத்தில் பணியாற்றிய ஓர் உதவி ஒளிப்பதிவாளர், 19 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்குக் காரோட்டிச் செல்கையில் தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் 2006இல் இதையே பொருளாக வைத்து ‘ஹூ நீட்ஸ் ஸ்லீப்?’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 14 மணி நேர வரம்பு அன்று விதியாகவில்லை.

2021இல் ஐயாட்சி என்னும் மேடை, திரைத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்துக்குப் பெருவாரியாக ஒப்புதல் வாக்களித்தார்கள். தலையாய கோரிக்கைகளில் ஒன்று ஓய்வு. அக்டோபரில் எட்டிய உடன்பாட்டில் இரு வேலை நாள்களுக்கு இடையே 10 மணி நேர ஓய்வும், ஐந்து நாள் வாரத்துக்குப் பின் 54 மணி நேர ஓய்வும் கிடைத்தன. இது உண்மையான வெற்றி, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் வட்டத்துக்குள் அந்த 10 மணி நேரம் தளத்தில் வேலை முடிவதிலிருந்து தளத்தில் மறு அழைப்பு வரை எண்ணப்படுகிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை என்று கழித்தால் எஞ்சுவது ஏழு. குளியல், சாப்பாடு, பிள்ளையின் முகம் பார்ப்பது, தூக்கம் எல்லாம் அதற்குள். தூரத்தை மைலால் அளக்கும் பழைய விதி, ஓய்வை மணியால் அளக்கும் புதிய விதியை இப்படித்தான் உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டையும் தனித்தனி உட்பிரிவுகளாக வைத்துப் பேரம் பேசும்வரை இந்த அரிப்பு நிற்காது.

மிக நீண்ட வேலை நாளுக்குப் பின் களைப்பாக உணர்பவர் கேட்டால் அறையோ வண்டியோ தர வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. ‘கேட்டால்’ என்பதில்தான் அதன் பலவீனம். அடுத்த படத்துக்குத் தன்னைக் கூப்பிடுவாரா என்று மேலாளரின் முகத்தைப் பார்த்திருப்பவர், எனக்கு ஓட்ட முடியவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டால் தொலைவில் வசிப்பவரை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், வாடகை கட்ட முடியாதவர்தாம் முதலில் வேலை இழப்பார். ஒரே வட்டம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதால் முகவரியை வைத்துத் தொழிலாளரைப் பிரிக்க முடியாது என்பது பழைய விதியின் பெரிய பலம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நேரத்தை அளக்க வீடுதான் தொடக்கப் புள்ளியாக வேண்டும் என்பதில்லை. வட்டத்தின் நான்கு திசைகளிலும் சில கூடுமிடங்களைக் குறித்து, தளத்துக்கு மிக அருகிலுள்ள கூடுமிடத்தை அன்றைய பணித் தொடக்கமாகவும் முடிவாகவும் கொள்ளலாம். அங்கிருந்து நிறுவன வண்டி, ஏறியது முதல் கூலி, இறங்கியது முதல் ஓய்வு. முகவரியால் எவருக்கும் பாதகம் இல்லை. பழைய 6 மைல் காலத்தில் ஸ்டுடியோ வாசல் செய்த வேலையை இக்கூடுமிடங்கள் செய்யும்.

ஆரம் என்பது இயற்கை வகுத்த அளவும் அல்ல. நியூயார்க்கில் நடிகர் சங்க ஒப்பந்தத்தின் மண்டலம் கொலம்பஸ் சர்க்கிளிலிருந்து 8 மைல்தான். கலிபோர்னியா அரசோ முப்பது மைல் வட்டத்தை 2014ஆம் ஆண்டின் வரிச்சலுகைச் சட்டத்தில் எடுத்துக்கொண்டு, அதற்கு வெளியே எடுக்கப்படும் காட்சிகளின் செலவுக்குக் கூடுதலாக 5 விழுக்காடு சலுகை தந்தது. பேரத்தில் பிறந்த ஒரு கோடு இவ்வாறு அரசின் நிதிக் கொள்கையாகவும் ஆனபின், அதைத் தொட இரு தரப்பும் தயங்குவது இயல்பு. சட்டத்துக்கு வேண்டிய வட்டம் அப்படியே இருக்கட்டும், ஊதியத்துக்கும் ஓய்வுக்கும் உரிய அளவை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்கலாம். இப்போதைய அடிப்படை ஒப்பந்தம் 2027 ஜூலை 31 வரை செல்லும். அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் ஓய்வு நேரமும் கூடுமிடமும் ஒரே உட்பிரிவில் இடம்பெற வேண்டும்.