கேபினுக்குள் ஒரு கண்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவன் பெயரும் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். அவன் வண்டியில் கண்ணாடிக்குப் பக்கத்தில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், இன்னொரு கண் அவனைப் பார்க்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இடது பக்கம் ஒரு பைக் நுழைய, அவன் சைடு மிரரையே பார்த்துக்கொண்டு வண்டியை இறக்கியிருக்கிறான். கேமரா அதைக் 'கவனச் சிதறல்' என்று எழுதிவிட்டது. படியில் 300 ரூபாய் போய்விட்டது.

"ஏனுங் சார், நீங்க போர்டுல எழுதத் திரும்புறப்பவாவது நாங்க கொஞ்சம் பேசிக்குவோம். இது திரும்பறதே இல்லீங்க" என்றான்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. சரித்திர வாத்தியார் அல்லவா, இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நம் சேலம், நாமக்கல் சீமைக்கு லாரி என்பது வாழ்க்கை. பாடி கட்டும் பட்டறை நாமக்கல்லில், ரிக் வண்டி திருச்செங்கோட்டில், சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் லாரி. 1975-ல் தேசிய பர்மிட் திட்டம் வந்தது. ஒரே பர்மிட்டில் பல மாநிலங்களுக்கு லோடு போக வழி திறந்தது. கிளீனராக ஏறி, டிரைவராகி, கடன் வாங்கி ஒரு வண்டிக்கு ஓனரானவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்த ஓனரும் டிரைவரைக் கண்காணித்தவர்தான். கிலோமீட்டரைப் பார்ப்பார், டீசல் கணக்குக் கேட்பார், எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வரவில்லை என்றால் சத்தம் போடுவார். ஆனால் அவருக்குத் தொப்பூர் இறக்கம் தெரியும். மிரரை ஏன் பார்த்தாய் என்று அவர் கேட்கமாட்டார்.

சட்டமும் சும்மா இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் இருந்தது என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவு இதே வேலை நேரத்தைப் போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களுக்கும் சொல்கிறது. கவுகாத்தி லோடு ஏற்றிப்போன டிரைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்.

ஐரோப்பாவில் வேறு மாதிரி நடந்தது. 1970-ல் அங்கே லாரிகளுக்கு 'டாக்கோகிராஃப்' கட்டாயம் என்று விதி போட்டார்கள். எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார் என்பதை வட்டக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி. பிரிட்டிஷ் டிரைவர்கள் அதை 'கேபினுக்குள் ஒற்றன்' என்று திட்டினார்கள். பிரிட்டன் அரசும் இழுத்தடித்தது. 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டன் செய்தது தவறு என்றது. 1981 முடிவுக்குள் அங்கேயும் கட்டாயமானது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஒற்றன் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னான். டிரைவர் வேகமாகப் போனால் மாட்டிக்கொண்டார். ஓய்வு கொடுக்காமல் ஓட்டச் சொன்ன முதலாளியும் அதே காகிதத்தில் மாட்டிக்கொண்டார்.

இங்கே 2015 அறிவிப்பில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. சரக்கு வண்டிக்கு 80, டேங்கருக்கு 60. பிறகு ஜி.பி.எஸ். இப்போது கேமரா. 2021-ல் அமெரிக்காவில் அமேசான் தன் டெலிவரி வேன்களில் நெட்ராடைன் நிறுவனத்தின் கேமராக்களைப் பொருத்தியது. நான்கு கண், மூன்று வெளியே பார்க்க, ஒன்று டிரைவரைப் பார்க்க. சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்ற நிலை. அந்த நிறுவனத்துக்கு நம் பக்கத்துப் பெங்களூருவிலும் அலுவலகம் உண்டு.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைக்காரர் குறுக்கே வந்து விழுந்தாலும் ஊர் கூடி லாரி டிரைவரைத்தான் அடிக்கும். அப்போது ரோட்டைப் பார்க்கும் கேமராதான் அவருக்குத் துணை. தூங்கும் டிரைவரை எழுப்பும் சத்தம் எதிரே வரும் குடும்பத்தையும் காப்பாற்றும். 2012-ல் கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் வெடித்து எத்தனை பேர் கருகினார்கள் என்பதை நாம் மறக்க முடியாது.

ஆனால் என் மாணவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நான் கொட்டாவி விட்டா அதுக்குத் தெரியுதுங் சார். குடோன் வாசல்ல பதினாலு மணி நேரம் லோடு இறக்காம நிக்க வெச்சுட்டு, உடனே கிளம்புன்னு சொன்னாங்களே, அது ஏனுங் தெரியல?"

கிளீனர் ஏறாத வண்டிகள் பெருகிவிட்டன. 2025 மார்ச்சில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதிலும் மாற்று டிரைவர் அல்லது கிளீனர் இல்லாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனை ஒரு பிரச்சினை. பக்கத்து சீட் காலி. பேச்சுத் துணைக்கு இருந்த ஆளின் இடத்தில் பேசாத கண்.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலேயே, நிறுவனத்தை நஷ்டத்திலிருந்து காப்பது போன்ற வேலை சம்பந்தமான தேவைகளுக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று ஒரு கதவும் இருக்கிறது. லாரி கேபின் டிரைவருக்கு வேலையிடம் மட்டுமல்ல. அங்கேதான் தூங்குகிறார், சட்டை மாற்றுகிறார், பெண்டாட்டியோடு போனில் பேசுகிறார்.

நானும் பரீட்சை ஹாலில் பல வருஷம் கண்காணித்தவன்தான். ஒரு பையன் திரும்பிப் பார்த்தால் எழுந்து போய் 'என்னடா?' என்று கேட்பேன். பாதி நேரம் பேனா மை தீர்ந்திருக்கும். கேட்ட பிறகுதான் தண்டனை.

அவனிடம் இதைத்தான் சொன்னேன்: "அந்த நிமிஷத்து வீடியோவைக் காட்டச் சொல்லி எழுதிக் கொடு. குடோன்ல நின்ன நேரத்தையும் அதே கடிதத்துல எழுது." என் பழைய மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினான். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

பதில் வந்தால் எழுதுகிறேன்.