நீரும் வட்டமும்: முத்தின் தரம் கண்ட மரபு

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை நகரைக் காணப் புறப்படும் கோவலன் மணிக்கடைத் தெருவைக் கடந்து செல்கின்றான். அங்கு விற்கப்பட்ட முத்துகளைப் பற்றி இளங்கோவடிகள் கூறும் செய்தி சிறிதே. எனினும் அது தேர்ந்த வணிகனின் கண்கொண்டு கூறப்பட்டது. காற்று, மண், கல், நீர் ஆகிய நான்கினாலும் நேரும் குற்றங்கள் நீங்கியவை என முதலிற் குறைகளை எண்ணி, அதன் பின்னரே கோள்களை ஒத்த ஒளியையும், வட்ட வடிவையும் சொல்கின்றார். முத்து வாங்குவோர் இன்றும் பின்பற்றத் தக்க வரிசை இதுவே. ஒளியில் மயங்கிய கண்ணுக்குக் குறை தென்படுவதில்லை.

அரசு துறந்த அடிகளுக்கு இந்நுட்பம் எங்ஙனம் வாய்த்தது என வியப்போர் உளர். மணிநோட்டம் சமணர்க்குப் புறம்பான கலையன்று. தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் காலத்தில் வாழ்ந்த தக்குர பேரு என்னும் சமணர், 1315ஆம் ஆண்டில் பிராகிருத மொழியில் மணிகளின் தரம் காணும் நூலொன்றை இயற்றினார். பின்னர் நாணயங்களின் மாற்றுக் காண்பது பற்றியும் எழுதினார்.

தமிழகத்திற் சொல்வளம் மிகுந்த சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், அவற்றிற் பதித்த முத்துகளை வகை பிரித்தே குறிக்கின்றன. முழுவட்டமானது வட்டம், அதற்கு அடுத்தது அனுவட்டம், சிறியது குறுமுத்து, கரடுமுரடானது கறடு, ஒட்டிப் பிறந்தது இரட்டை. ஒளியைக் குறிக்கக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்னும் சொற்கள் ஆளப்பட்டன. ‘நீர்’ என்பது மேற்பூச்சின் பளபளப்பன்று. முத்தின் உள்ளடுக்குகளிலிருந்து எழும் ஒளி. இறைவனுக்கு அளித்த அணியிலும் கறடு இருந்ததை மறையாது பொறித்த அக்கணக்கரின் நேர்மை இன்றைய கடைச்சீட்டுகளில் அரிது.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் இம்மரபு தொடர்ந்தது. பெட்டி எனப்பட்ட பத்துச் சல்லடைகளில் முத்துகளைச் சலித்து அளவு கண்டனர். பின்னர் வடிவும் நீரும் நோக்கி ஆணி முதல் கழிப்பு, தூள் வரை தரம் பிரித்தனர். மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்தனர். எடை இரு மடங்கானால் விலை இரு மடங்காவதில்லை. நான்கு மடங்கை எட்டும். ஆணிமுத்து என்று மக்களுக்குப் பெயரிடும் வழக்கு இத்தரப் பெயரிலிருந்து வந்ததே.

இவ்வரலாற்றில் சமண இல்லத்தார் கண்மூடிக் கடக்க இயலாத பகுதியும் உண்டு. கரையிற் குவித்த சிப்பிகளை நாட்கணக்கில் அழுக விட்டுக் கழுவியே முத்தெடுத்தனர். ஒரு நல்முத்துக்குப் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. தூத்துக்குடியில் இக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973இல் அங்கேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். முத்து வளர்ப்பைச் சப்பானில் 1893இல் தொடங்கி வைத்தவர் மிக்கிமோட்டோ. அம்முறையிலும் கொலை நீங்கவில்லை. ஒரு சிப்பியை அறுத்து எடுத்த தசைத் துண்டை உட்கருவோடு மற்றொன்றில் வைக்கின்றனர். சிறுவகைச் சிப்பி முத்தெடுக்கும்போது பெரும்பாலும் மடிகின்றது.

ஆதலின், இல்லத்துப் பெட்டியில் முன்னமே இருக்கும் முத்துமாலையின் மதிப்பை அறிவது புதிதொன்று வாங்குவதினும் முதன்மையானது. இன்று கடையில் விற்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். பாட்டி காலத்து மாலையோ இயற்கை முத்தாக இருக்கக்கூடும். பழுப்பேறியது என்று பொன்னின் எடைக்கு மட்டும் விலை பேசி, முத்தை இலவசமாகக் கழற்றிக் கொள்வோரிடம் அதனைக் கொடுத்துவிடுதல் பேரிழப்பு.

முத்துகளைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் உருட்டிப் பார்த்தல் வேண்டும். சரியான வட்டம் நேராக உருளும், அனுவட்டம் தடுமாறும். நல்ல நீருடைய முத்தில் பார்ப்போரின் முகம் நிழலாகத் தோன்றும். சுண்ணாம்பு போல் வெளுத்திருப்பின் படலம் மெல்லியது. பல்லில் மெல்லத் தேய்த்தால் மணல் போல் நறநறப்பது உண்மை முத்து, வழுக்குவது கண்ணாடிப் போலி. எனினும் இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பல்லால் பிரித்தறிய இயலாது. துளையினுள் உருப்பெருக்கியால் நோக்கின் உட்கருவின் விளிம்பு சிலவேளை கோடாகத் தெரியும். ஐயமறத் தெளிய மணி ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும்.

வியர்வையும் நறுமண நீர்மமும் முத்தை அரிக்கும். அணிந்தபின் மென்துணியால் துடைத்து வைத்தல் நன்று. நூல் நைந்த பழைய மாலையைப் பட்டு நூலில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் எஞ்சியவை சிதறா.