மாமல்லபுரக் கடற்கரையும் கல்கியின் வரலாற்றுப் புனைவும்: 'சிவகாமியின் சபதம்' உருவான பின்புலம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் (1899–1954) 'சிவகாமியின் சபதம்' 'கல்கி' இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்தது. அது எவ்வாறு தோன்றியது என்பதற்கு அவரே ஒரு விளக்கம் தந்துள்ளார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது பல்லவர் காலத்துக் காட்சிகள் மனக்கண்முன் எழுந்தன என்றும், அவையே பின்னர் நாவலாயின என்றும் நூலின் முன்னுரை கூறுகிறது. கல்கி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இக்கூற்றையே எடுத்தாண்டு அத்துடன் நின்றுவிடுகின்றனர். கடற்கரையில் அமர்ந்தவருக்கு மகேந்திரவர்மனும் மாமல்லனும் ஏன் தெரிந்தனர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே மணலில் அமர்ந்த ஒருவருக்கு அவர்கள் தெரிந்திருக்க வழியில்லை என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

படைப்பாளர் தம் படைப்பின் பிறப்பைப் பின்னாளில் விவரிக்கும்போது அவ்விவரிப்பும் ஒரு புனைவின் வடிவத்தை ஏற்பது உண்டு. ஐரோப்பிய வரலாற்று நாவலின் முன்னோடியான வால்டர் ஸ்காட், 'வேவர்லி'யை (1814) பாதியில் நிறுத்திவிட்டதாகவும், தூண்டில் சாமான்களைத் தேடியபோது பழைய மேசை ஒன்றில் அக்கையெழுத்துப்படி அகப்பட்டதாகவும் 1829இல் எழுதினார். ஆய்வாளர்கள் அதை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். கல்கியின் கூற்றை ஐயுற வேண்டிய தேவை இல்லை. ஆனால் அது தூண்டல் நிகழ்ந்த கணத்தைச் சொல்கிறதேயன்றித் தூண்டலின் பொருளைச் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நாவலின் வரலாற்று அடித்தளமும் அதன் சமகால அடித்தளமும் ஒருங்கே மறைந்துபோகின்றன.

செங்கல்பட்டு வழி

கல்கியின் காலத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்ல இரு வழிகள் இருந்தன. பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் செல்லலாம்; அல்லது இரயிலில் செங்கல்பட்டு சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சாலையில் கடலை அடையலாம். இந்த இரண்டாம் வழி பல்லவர் வரலாற்றுக்குள் செல்லும் வழியாகவே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ள குடைவரைக் கோயிலைச் செய்வித்தவன் வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு மகேந்திரனைப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என அடுக்கிக் கூறுகிறது. திருக்கழுக்குன்றத்து ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, கந்தசிஷ்யன் அளித்த பழைய கொடையை 'வாதாபி கொண்ட' நரசிங்கப் போத்தரையர் காத்ததை நினைவுகூர்ந்து, அதனைப் புதுப்பிக்கிறது. வாதாபி வெற்றி நிகழ்ந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இப்பகுதியில் அது மன்னனின் அடைமொழியாக நிலைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் ஆதிவராகர் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்ப் பொறிப்புகளுடன் அரசர் உருவங்கள் தேவியருடன் செதுக்கப்பட்டுள்ளன. எச்.கிருஷ்ண சாஸ்திரி இவற்றைப் பற்றிய தனி ஆய்வுரையை 1926இல் வெளியிட்டார். அதன்பின் பல்லவ அரசர் பெயர்ப்பட்டியலில் வரும் பெயர்களாக மட்டும் இல்லாமல் முகம் உடையவர்களாகவும் ஆயினர்.

அச்சில் எழுந்த பல்லவர்

கல்கி பிறந்த ஆண்டில் மகேந்திரவர்மனைப் பற்றி அறியப்பட்டது மிகக் குறைவு. அடுத்த முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1916–1918இல் ழூவோ துப்ரேய் 'பல்லவத் தொன்மைகள்' குறித்த நூல்களை வெளியிட்டார். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரன் அறிவிக்கும் மண்டகப்பட்டுக் கல்வெட்டு அறியப்பட்டது. 1917இல் டி. கணபதி சாஸ்திரி 'மத்தவிலாசப் பிரகசன'த்தைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். சித்தன்னவாசல் ஓவியங்கள் வெளிச்சத்துக்கு வந்தபோது அவை மகேந்திரன் காலத்தவை என்றே அன்று கருதப்பட்டன. 1928இல் ஆர்.கோபாலனின் காஞ்சிப் பல்லவர் வரலாறும், 1938இல் சி.மீனாட்சியின் பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய நூலும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. நாவல் தொடங்கிய 1944ஆம் ஆண்டிலேயே மா. இராசமாணிக்கனாரின் 'பல்லவர் வரலாறு' தமிழில் வெளிவந்தது.

எனவே கல்கி கடற்கரையில் கண்ட மகேந்திரன் அண்மையில் கண்டெடுக்கப்பட்ட மகேந்திரன். சித்திரகாரப்புலி, விசித்திரசித்தன், மத்தவிலாசன் என்னும் விருதுப் பெயர்களிலிருந்து கலைஞனும் வேடிக்கைப் பிரியனும் மாறுவேடம் பூணுபவனுமான அரசன் ஒருவனைக் கல்கி உருவாக்கினார். நாவலில் அவன் வஜ்ரபாகுவாக வேடமிட்டு வருவதற்குக் கல்வெட்டில் ஆதாரமில்லை. விசித்திரசித்தன் என்ற பெயரில் அதற்கு இடமுண்டு. அங்கத நாடகத்தின் பாத்திரங்களுள் ஒருவன் நாகசேனன் என்னும் பௌத்த பிக்கு. நாவலின் சூழ்ச்சிக்கார பிக்கு நாகநந்தி. பெயரொற்றுமை தற்செயலானதாகவும் இருக்கலாம். ஆயினும் காஞ்சிப் பௌத்தரை எள்ளும் மகேந்திரனின் நோக்கும் நாவலின் பிக்குப் பாத்திரமும் ஒரே திசையில் நிற்பதை மறுக்க இயலாது. இந்நோக்கு காஞ்சிப் பௌத்தத்துக்கு நியாயம் செய்வதன்று என்பதையும் இங்குச் சுட்டவேண்டும். நாவல் நடக்கும் காலத்தில்தான் சுவான்சாங் காஞ்சிக்கு வந்து அங்கிருந்த பௌத்த மடங்களைச் சிறப்பித்து எழுதினார்.

பகைவரின் சாசனத்தைத் திருப்பிப் படித்தல்

தரவுகளைக் கல்கி கையாண்ட முறை அவர் எவற்றால் தூண்டப்பட்டார் என்பதை முன்னுரையைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டு (பொ.ஆ. 634–35) இரவிகீர்த்தியால் இயற்றப்பட்டது. தன் அரசனின் படைப்புழுதி பல்லவனின் ஒளியை மங்கச்செய்து அவனைக் காஞ்சி மதில்களுக்குப் பின்னே ஒளியச் செய்தது என்பது அதன் பெருமிதம். பல்லவரின் காசக்குடிச் செப்பேடோ புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை அழித்ததாகக் கூறுகிறது. இரு சாசனங்களும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். 'காஞ்சி முற்றுகை' என்னும் இரண்டாம் பாகத்தில் கல்கி இரண்டையும் ஏற்கிறார். கோட்டைக்குள் ஒடுங்குவது அங்குத் தோல்வியன்று. போருக்குப் போதிய ஆயத்தமில்லாத அரசன் காலம் வாங்கும் உத்தி. சாளுக்கியக் கவிஞனின் ஏளனமே பல்லவ அரசனின் மதிநுட்பமாக மாறிவிடுகிறது.

மணிமங்கலம் இன்னும் நுட்பமான சான்று. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் புலிகேசியை வென்றவன் நரசிம்மவர்மன் என்பது கூரம் செப்பேட்டின் செய்தி. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகில் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என அது புகழ்கிறது. நாவலில் மணிமங்கலம் மகேந்திரர் படுகாயமுறும் களம். செப்பேட்டில் மகனின் வெற்றியிடமாக இருந்தது தந்தையின் வீழ்ச்சியிடமாகியுள்ளது. செப்பேட்டுச் செய்தியை அறியாமல் நேர்ந்த பிழையென இதைக் கொள்வதற்கில்லை. நரசிம்மன் மணிமங்கலத்திலேயே வென்றிருந்தால் வாதாபிப் படையெடுப்புக்கு ஒன்பது ஆண்டு ஆயத்தம் தேவைப்படாது, சபதமும் வேண்டியதில்லை. சாசனம் தரும் வெற்றியைக் கைவிட்டு, சாசனத்தில் இல்லாத ஒரு பெண்ணின் சூளுரையைப் போருக்குக் காரணமாக்குகிறார் நாவலாசிரியர். வரலாற்றுத் தரவு எந்த இடத்தில் வளைகிறதோ அந்த இடத்தில்தான் படைப்பாளரின் உண்மையான அக்கறை வெளிப்படுகிறது.

வாதாபிப் போரின் தலைவனாகப் பரஞ்சோதியை ஆக்குவதற்குப் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர் வரலாறு இருந்தது. வாதாபியை அழித்தவர் சிவனடியார் என்றறிந்த அரசன் அவரைப் பணியிலிருந்து விடுவித்த செய்தி அதில் உள்ளது. சிவகாமிக்கு இத்தகைய ஆதாரம் ஏதுமில்லை.

சிவகாமி வந்த வழி

ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் கற்பனைப் பாத்திரங்கள். இவர்களுடைய மூலத்தைப் பல்லவர் காலத்தில் தேடுவதைவிட 1930களின் சென்னையில் தேடுவதே பொருத்தமானது. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நாட்டிய விமரிசனங்கள் எழுதியவர் கல்கி. அவ்விமரிசனங்கள் வெளிவந்த காலத்தில்தான் சதிராட்டம் பரதநாட்டியமாகப் பெயர் மாறியது. முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு இயக்கமும், ஆடற்கலையைக் காக்கவேண்டும் என்ற இ. கிருஷ்ண ஐயரின் வாதமும் 1932–33இல் நாளிதழ்களில் மோதின. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். கலையைக் காப்பதா, அதை மரபாகப் பேணிய பெண்களின் நிலையை மாற்றுவதா என்னும் வினாவுக்கு 1947இல்தான் சட்டம் ஒரு விடை தந்தது.

இந்த வினா ஏழாம் நூற்றாண்டு உடையில் நாவலுக்குள் நுழைகிறது. சிவகாமியின் கலையை மகேந்திரர் வியக்கிறார். இளவரசனின் மனைவியாக அவள் வருவதை விரும்பவில்லை. அவள் நாட்டியம் உலகுக்கு உரியது, ஒருவனுக்கு உரியதன்று என்னும் போக்கில் அமையும் அவருடைய எண்ணம், தேவதாசி முறையை ஆதரித்தோர் முன்வைத்த வாதங்களுக்கு நெருங்கிய உறவுடையது. வாதாபி எரிந்தபின் திரும்பும் சிவகாமி, மாமல்லருக்கு மணமாகிவிட்டதை அறிந்து, ஏகாம்பரநாதரையே கணவராக வரித்துக்கொள்கிறாள். சட்டம் நிறைவேறுவதற்கு ஓராண்டுக்கு முன் எழுதப்பட்ட இம்முடிவைப் பலரும் காதலின் சோகமாகவே படித்தனர். கலைக்கும் இல்வாழ்வுக்கும் இடையே ஒன்றையே பெறமுடிந்த பெண்ணின் சமூக நிலையை நாவல் மாற்றவில்லை, தெய்விகமாக்கியது. கல்கியின் முற்போக்குச் சிந்தனை இவ்விடத்தில் நின்றுவிட்டது என்று கூறுவதில் தவறில்லை.

இம்முடிவுக்கு நெருங்கிய இன்னொரு மூலமும் உண்டு. தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1945இல், எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' திரைப்படம் வெளியாயிற்று. அதற்கு வசனமும் சில பாடல்களும் எழுதியவர் கல்கி. அரசனின் துணைவியாக இருந்தும் இறைவனையே கணவனாகக் கொண்டு இறுதியில் அவனுடன் கலக்கும் மீராவும், 1946இல் முடிந்த 'சிதைந்த கனவு' பாகத்தின் சிவகாமியும் ஒரே எழுதுகோலிலிருந்து சில மாத இடைவெளியில் பிறந்தவர்கள்.

போர்ச்சூழலின் பங்கையும் ஒதுக்க இயலாது. 1942 ஏப்ரலில் சப்பானியப் படை கொழும்பையும் வங்கக் கடற்கரையில் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியதும் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். முற்றுகைக்கு ஆயத்தமாகும் காஞ்சியைப் படித்த 1944ஆம் ஆண்டு வாசகர்களுக்கு நகரம் காலியாவது என்பது கேள்விப்பட்ட கதையன்று.

பூஞ்சேரிப் பாறை

1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மன் காலத்தவை என்னும் கருத்தை வெளியிட்டார். அக்கருத்தை ஆய்வாளர் அனைவரும் ஏற்கவில்லை. விவாதம் இன்றும் தொடர்கிறது. அது சரியெனில் ஆயனரும் மாமல்லரும் அக்கடற்கரையில் நின்று கண்ட கனவுகள் மூன்று தலைமுறை பின்னுக்குச் செல்லும். கல்கி தம் காலத்து ஆய்வு முடிவைப் பின்பற்றினார். ஆய்வு நகர்ந்தது, நாவல் நகரவில்லை. மாமல்லனின் பெயரால் ஊர் அமைந்தது என்ற செய்தி வாசகர் மனத்தில் ஐயத்துக்கு இடமின்றிப் பதிந்திருப்பதில் நாவலின் பங்கு பெரிது. திருமங்கையாழ்வார் பாடிய 'கடல்மல்லை' என்னும் பெயர் அத்துடன் எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் கேட்போர் சிலரே.

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி எனப்படும் பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் சேமகன் என நீளும் அப்பெயர்கள் இங்கு உளி பிடித்தவர்களுடையவை எனக் கருதப்படுகின்றன. அரசர் பெயர்களைப் போல விருதுகள் எவையும் இவற்றுக்கு முன் அடுக்கப்படவில்லை. ஆயனரின் பெயரைத் தேடிச் செல்லும் வாசகர் அருச்சுனன் தபசின் முன் நின்றுவிட்டுத் திரும்புகின்றனர். பூஞ்சேரிச் சாலையில் திரும்புவோர் மிகக் குறைவு.