அடியும் முடியும்: 'எனக்குத் தெரியல'ன்னு ஒத்துக்கிட்டவர் யார்?

இன்னைக்கு கலசப்பாக்கத்துல இருந்து தொடங்குவோம். தை மாசம், ரத சப்தமி. திருவண்ணாமலையில இருக்குற அண்ணாமலையார் 20 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி இங்க செய்யாத்துக்கு வர்றார். உள்ளூர் திருமாமுடீஸ்வரரும் ஆத்துக்கு வந்துடுவார். அப்புறம் தீர்த்தவாரி, ஒரே கூட்டம்.

குளிக்க வர்ற இந்த சாமியோட கதை என்ன தெரியுமா? அவர் தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு நெருப்புத் தூண்!

படைக்கிற பிரம்மாவுக்கும் காக்கிற திருமாலுக்கும் யார் பெரியவர்னு சண்டை. நடுவுல அந்தத் தூண் எழும்புது. திருமால் பன்றியாகி அடியைத் தேடிக் கீழ போறார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடி மேல பறக்கிறார். ரெண்டு பேருக்கும் கிடைக்கல. திருமால் அதை ஒத்துக்கிறார். பிரம்மாவோ தாழம்பூவைப் பொய் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து, 'பார்த்துட்டேன்'னு சொல்றார். சிவபுராணம் சொல்ற காரணப்படி, பிரம்மாவுக்குத் தனி வழிபாடு இல்லாமப் போனதும், சிவபூஜையில இருந்து தாழம்பூ விலக்கப்பட்டதும் இந்தப் பொய்யாலதான்.

தமிழ்நாட்டுல இது ரொம்பப் பழைய கதை. 7-ஆம் நூற்றாண்டுல சம்பந்தர், பெரும்பாலான பதிகங்கள்ல ஒன்பதாவது பாட்டை இதுக்கே ஒதுக்கினார். 8-ஆம் நூற்றாண்டுல காஞ்சி கைலாசநாதர் கோயில்ல பல்லவர்கள் இதைச் சிற்பமா வச்சாங்க. சோழர் காலத்துல, கருவறையோட பின்சுவர் மாடம் லிங்கோத்பவருக்குன்னே ஆயிடுச்சு.

இது சைவர்கள் சொன்ன கதைங்கிறதையும் மறக்கக் கூடாது. 'பரம்பொருள் ஒண்ணுதான், அது எங்க சிவன்' என்பதுதான் இதோட வாதம். திருவனந்தபுரம் போனா காட்சி வேற. அங்க பத்மநாபரோட தொப்புள் தாமரையில பிரம்மா. பெருமாளோட வலது கைக்குக் கீழ சிவலிங்கம். 'ஒண்ணுதான்' என்பதுல ரெண்டு பக்கமும் சண்டை இல்ல. அந்த ஒண்ணு யார் என்பதுலதான் சண்டை.

இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ரிக் வேதத்தோட பத்தாம் மண்டலத்துல, படைப்பைப் பத்தி ஒரு சூக்தம் இருக்கு. உலகம் எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே போய், மேல இருந்து பார்க்கிறவருக்காவது தெரியுமா, இல்ல அவருக்கும் தெரியாதா என்ற சந்தேகத்தோடயே அது முடியுது.

அந்தத் தயக்கத்தையும் தூண் கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பிரம்மா தோத்தது முடியைப் பார்க்காததால இல்ல; திருமாலும்தான் அடியைப் பார்க்கல. 'தெரியல' என்ற ஒரு வார்த்தை அவர் வாயில வரல, அவ்வளவுதான்.

அடுத்த ரத சப்தமிக்கு செய்யாத்துப் பக்கம் போனா, இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!