இறப்பர் வித்தின் எண்ணெய்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களில் ஆண்டுதோறும் காய்கள் வெயிலில் வெடித்து, புள்ளி படிந்த வித்துக்களை மரத்தடியில் சிதறுகின்றன. பால் வெட்டச் செல்வோரின் காலில் மிதிபடும் அவ்வித்தின் பருப்பில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை எண்ணெய் உண்டு.

இந்த வித்தின் வரலாறு அவசரத்தின் வரலாறு எனலாம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் அமேசன் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 வித்துக்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். இறப்பர் வித்து சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். கியூ தாவரவியற் பூங்காவில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் 1,900 கன்றுகள் வரை அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பெற்றன. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகவே, சப்ரகமுவாவின் மலைச்சரிவுகளிலும் இறப்பர் பரவிற்று. பாலுக்கு விலை இருந்தது. நாற்றுமேடைக்கு வேண்டிய அளவு பொறுக்கியபின் வித்தை எவர் நினைப்பார்?

தாவர எண்ணெயால் எந்திரம் ஓட்டுவது புதுமையன்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. நூறாண்டுகளுக்குப் பின் இந்தியா வறண்ட நிலத்துக் காட்டாமணக்கை நம்பியது. 2017ஆம் ஆண்டளவில் டீசலில் நூற்றுக்கு 20 பங்கு தாவர எரிபொருள் கலக்க வேண்டுமென்பது 2009ஆம் ஆண்டுக் கொள்கையின் இலக்கு. அது கைகூடவில்லை. வறட்சியில் செடி பிழைத்தது உண்மையே. நீரின்றி அது போதிய அளவு காய்க்கவில்லை. இரத்தினபுரி மாவட்டத்திலேயே எம்பிலிப்பிட்டிய போன்ற வறண்ட பகுதியும் உண்டு; அங்கு அச்செடியை நட எண்ணுவோர் இதை மறத்தலாகாது.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் டீசலுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அந்நாளிலும் மழை வளமிக்க தோட்டங்களில், புதிதாக நடவேண்டாத மரத்தடியில், எண்ணெய் வித்து உதிர்ந்தே கிடந்தது. அதிலிருந்து எரிபொருள் செய்ய இயலுமென்பதைக் கேரளத்தின் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இடர் ஒன்று உண்டு: இவ்வெண்ணெயில் அமிலம் மிகுதி. முதலில் அமில வினையால் அதனைக் குறைத்து, அதன்பின்னரே கார வினைக்கு உட்படுத்தல் வேண்டும். ஈரத்தில் கிடக்குந்தோறும் அமிலம் ஏறும். விக்கத்தின் அவசரம் இங்கும் தேவைப்படுகிறது; ஆனால் மழை பெய்யும் சரிவில் குனிந்து பொறுக்க வேண்டியவர் தோட்டத் தொழிலாளி. அவருக்கு அதன்பொருட்டு என்ன கூலி என்பது தீராதவரை, வித்து ஆலைக்கு வந்து சேராது.