பெப்சி பாசி

எங்கள் ஒரகடத்தில் பஸ் நிறுத்தத்தைக் கம்பெனிப் பெயரால் சொல்வோம். ஓய்வுபெற்றபின் மண்டபம் போனேன். அங்கே கடல்பாசிக்கே கம்பெனிப் பெயர்! மூங்கில் தெப்பத்தில் பாசி கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இது பெப்சி பாசிங்கய்யா" என்றார்.

2000-க்குப் பின் அந்த நிறுவனம் இங்கே வளர்க்க வைத்ததால் வந்த பெயர். அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ் அல்வரேசி. பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். பார்க்கப் பச்சை, பழுப்பு. இனமோ சிவப்புப் பாசி. நம் மரிக்கொழுந்துப் பாசி மெல்லியது, பாறையில் தானே வளர்வது. இது விரல் தடிமன். 45 நாளில் அறுவடை. உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுக்கிறார்கள்.

2008-ல், குருசடைத் தீவின் பவளப்பாறைகளை இது மூடிப் படர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதைச் சொன்னேன். "இதை வச்சுத்தான் பொண்ணைப் படிக்க வச்சேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.