போனக்காட்டு மலையும் காற்றின் கணக்கும்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் போனக்காடு என்றதும் தேயிலைத் தோட்டமும், அங்கே பாடுபட்ட நம் மக்களும், அகத்தியர்கூடத்துக்குக் கிளம்பும் காட்டுவழியும் நினைவுக்கு வரும். 1868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு.

1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். 1852-இல் அதன் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், 1855-இல் அகத்தியர் மலைமேலும் ஓர் ஆய்வகம் கட்டினார். யானை நடமாடும் காடு, கொட்டும் மழை. அங்கே போய்க் காந்த ஊசியையும் வானிலையையும் அளந்தார்கள். கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு! இரண்டு நிலையங்களின் காந்த அளவுகளும் 1874-இல் நூலாக வந்தன.

"பழைய கணக்கால் என்னங்க பயன்?" என்று கேட்கலாம். காற்றும் தண்ணீரைப் போல ஓடும் பொருள்தான். அதன் ஓட்டத்தைச் சமன்பாடுகளால் முன்கூட்டிச் சொல்ல முயன்றவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட்சன். 1910 மே 20-ஆம் நாளுக்கு அவர் போட்ட கணக்கு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது. உண்மையில் அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை! 1922-இல் அந்தத் தோல்வியை ஒளிக்காமல் நூலில் எழுதினார். சமன்பாடுகள் சரிதான், தொடக்க அளவுகள்தான் ஒன்றோடொன்று இசையவில்லை என்று பின்னாளில் தெரிந்தது.

இன்று கணினி என்ன செய்கிறது? நாகர்கோவில் வண்டி இந்நேரம் பாறசாலை வந்திருக்கும் என்று அட்டவணை சொல்கிறது. வண்டியிலிருக்கும் மாமா போனில், "இப்பத்தான் குழித்துறை தாண்டுது" என்கிறார். மாமா பேச்சை எவ்வளவு நம்பலாம், அட்டவணையை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு நாம் கணக்கைத் திருத்துகிறோம் அல்லவா? அதேதான். முந்தைய கணிப்பை பலூன், கப்பல், செயற்கைக்கோள் தரும் அளவுகளோடு ஒப்பிட்டு, இரண்டின் பிழையையும் எடைபோட்டுத் திருத்தி, அங்கிருந்து அடுத்த கணிப்பைத் தொடங்குகிறார்கள். 1960-இல் கால்மன் வகுத்த வழி இதற்குப் பெரிய துணை. நம் நாட்டில் 1988-இல் இதற்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கியது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் ஒரே நாளில் வலுத்தபோது, நம் மீனவர் பலர் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் இருக்கும் அளவுக்கு அளவுக்கருவிகள் கடல்மேல் இல்லை. அளக்காத இடத்தில் கணினியும் குருடுதான்.

அடுத்தமுறை பிள்ளைகளோடு போனக்காடு போனால், அந்தச் சிகரத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.